கணக்கு சார் விட்டுக்கொடுத்த லிஃப்ட்

லிஃப்டின் கதவில் கணக்கு சாரின் புகைப்படத்தை ஒட்டியிருந்தார்கள். படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பச்சை எழுத்தில், கார்பனைக் குறைக்கத் தன் வசதியைத் துறந்த ஆசிரியருக்குக் கல்லூரி நன்றி சொல்லியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. அந்தக் கதவுக்கு இடப்பக்கம் இருந்த படிக்கட்டில், கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, இரும்புக் கம்பி கட்டிய வலது காலைப் பின்னால் இழுத்தபடி, அதே மனிதர் ஏறிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று பார்த்தேன். எதைக் கண்டாலும் எண்ணுகிற ஆள் நான். அந்தப் படிகளை மட்டும் எண்ணத் தோன்றவில்லை. 

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கல்லூரியில்தான் நான் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றேன். மின்சாரச் செலவையும் கார்பனையும் குறைக்க ஒரு குழு அமைத்தபோது, எண்ணுவதற்கு ஆள் வேண்டும் என்று அதியன்னூரில் சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். குழுவின் தலைவர் கணக்கு சார். சிறு வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியவர். கொல்லயில் என்ற ஊரிலிருந்து, பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பூட்டிய ஸ்கூட்டரில் வருவார். அவருடைய தங்கைக்குக் காரோட்டுக்கு அப்பால், கடலோரத்தில் வீடு. ஒரு மழைக்காலத்தில் அந்த வீட்டு மதிலைக் கடல் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு, யாருமில்லாத அறையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தால்கூட அவர் முகம் மாறிவிடும்.

அறை அறையாக ஏறி இறங்கி எண்ணினேன். மின்விசிறி, விளக்கு, கணினி எல்லாம் எண்ணியாயிற்று. கடைசியில் கணக்குப் பார்த்தால் கரண்டைத் தின்பது பதினெட்டு ஏசிகள். முதல்வர் அறையில் இரண்டு, தாளாளர் வந்தால் உட்காரும் அறையில் இரண்டு, துறைத் தலைவர்கள் அறைகளில் ஒவ்வொன்று, மீதி அரங்கிலும் நூலகத்திலும். லிஃப்ட் இழுப்பது அவற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இதை நான் கணக்கு சாரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். ஏசியில் பாதியையாவது நிறுத்தாமல் வேறு எதைச் செய்தும் பிரயோசனம் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

"ஏசிய நிறுத்தச் சொன்னா சம்மதிப்பாவளா சாறே?" என்று கேட்டேன்.

"சொன்னா சம்மதிக்க மாட்டாவ. அதுக்கு ஒரு வழி உண்டு. நாளைக்குப் பாரும்" என்றார்.

அந்த வழி என்ன என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அவருடைய கிறிஸ்தவ சபையில், விளைச்சலைக் காணிக்கையாக வாங்கி விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பல வருடமாக அவர்தான் கூவி வந்தார். மிஷன் காலத்திலிருந்து அங்கே ஒரு வழக்கம். ஏலம் கூவுகிறவர் முதலில் தன் வீட்டுப் பொருளில் நல்லதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இவர் தன் தோட்டத்திலேயே பெரிய வாழைக்குலையைத் தூக்கி வைப்பார். வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் முன்வரிசையைப் பார்த்து நிற்பார். அவ்வளவுதான். முன்வரிசைக்காரர்கள் ஆளை வீட்டுக்கு அனுப்பிச் சேனைக்கிழங்கும் பலாச்சக்கையும் கோழியும் கொண்டுவரச் செய்வார்கள். ஒரு தடவைகூட இது பொய்த்ததில்லை. உலகம் முழுக்க அப்படித்தான் என்று அவர் நம்பிவிட்டார்.

மறுநாள் கூட்டத்தில் தாளாளர், முதல்வர், துறைத் தலைவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கணக்கு சார் மேசையைப் பிடித்து எழுந்தார்.

"நம்ம காலேஜுல லிஃப்டு ஓடுகது முக்கால்வாசியும் எனக்கு வேண்டியாக்கும். என் கிளாஸ் மூணாம் மாடியில. நாளை முதல் எனக்கு லிஃப்டு வேண்டாம். நான் படியேறிக்கிடுவேன். இனி நீங்க சொல்லுங்க."

சொல்லிவிட்டு, சபையில் நிற்பதுபோலவே, முன்வரிசையைப் பார்த்து நின்றார். அறையில் ஏசி இரைந்துகொண்டிருந்தது. அடுத்து முதல்வர் வாயைத் திறப்பார், தன் அறையில் ஒன்றைக் குறைப்பதாகச் சொல்வார் என்று நான் விரலை மடக்கத் தயாராக இருந்தேன். தாளாளர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். துறைத் தலைவர் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டி முடித்ததும், டீயும் பருப்புவடையும் வந்தன. கூட்டம் முடிந்துவிட்டது. கணக்கு சார் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது? கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. வகுப்பில் சரியாகப் போட்ட கணக்குக்கு விடை தப்பாக வந்தால் பலகையைப் பார்த்து நிற்பாரே, அப்படி நின்றார்.

மறுநாள் காலை லிஃப்ட் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள்தான் முதலில் கொதித்தார்கள். மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, "சாறே, நீங்க கசேரியில இருங்க, நாங்க நாலு பேரு அதோட தூக்கிட்டு போவோம்" என்றாள்.

"எலே மக்கா, நீங்க கணக்கு புக்கையே தூக்க மாட்டிய, என்னையா தூக்கப் போறிய?" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். முதல் திருப்பத்தில் நின்று, ஜன்னலில் எதையோ பார்ப்பதுபோல மூச்சு வாங்கினார்.

போய்த் திருப்பிக் கேளும் என்று நான் அவரிடம் சண்டை போட்டேன். "குடுத்தத பின்ன கேக்கியதா? அது சரியாவாது" என்றார். பொறுக்காமல் நானே முதல்வரிடம் போனேன். "லிஃப்டு வேண்டாம், கிளாஸையாவது கீழ மாத்திக் குடுங்க" என்றேன். அவர் தன்மையாகத்தான் பேசினார். "டைம்டேபிள் போட்டாச்சு சாறே. பின்ன, அவரு மனசோட தந்தத நாம திருப்பிக் குடுத்தா அவருக்கல்லவா குறைச்சல்?" அந்த அறையில் இரண்டு ஏசியும் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே வந்ததும் என் கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிட்டது. துடைக்காமல் வராந்தாவில் நின்றேன். இத்தனை படித்தவர்கள், இத்தனை நல்லவிதமாகப் பேசி, ஒரு மனிதரை இப்படிச் செய்ய முடியும் என்பது என் கணக்கில் அதுவரை இல்லை.

அவருடைய நல்ல காலின் முட்டி அந்த வருடம் முடிவதற்குள் போய்விட்டது. நெய்யாற்றின்கரை டாக்டர் படியே ஏறக்கூடாது என்றார். சர்வீஸ் பாக்கி இருக்கும்போதே கணக்கு சார் விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பிரிவு உபசாரத்தில் தாளாளர் லிஃப்டைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

போன மாதம் கல்லூரிப் பக்கம் போனேன். லிஃப்ட் ஓடுகிறது. தரம் பார்க்க வெளியிலிருந்து குழு வருகிறதாம். நடக்க முடியாதவர்களுக்கு லிஃப்ட் இல்லையென்றால் மதிப்பெண் போய்விடுமாம். கதவில் இப்போது சக்கர நாற்காலிப் படம்.  பழக்கம் விடவில்லை; வளாகத்தைச் சுற்றி ஏசிகளை எண்ணினேன். இருபத்தொன்று.

நேரே கொல்லயிலுக்குப் போய், நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணக்கு சாரிடம் லிஃப்ட் ஓடுவதைச் சொன்னேன். அவர் ஆடிப்போவார், ஏசுவார் என்று நினைத்தேன்.

"ஓடட்டு. இனி வாறவனுக்கு உபகாரம்தானே" என்றார். கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏசி ஒண்ணாவது நிறுத்தினாவளா?" என்று கேட்டார்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைப்ரரியில உள்ளது ஓடல்ல சாறே" என்றேன்.

"ஆங்" என்று தலையாட்டி, சாய்ந்து உட்கார்ந்தார். தன் மனைவியைக் கூப்பிட்டு எனக்குச் சாயா போடச் சொன்னார்.

நூலகத்து ஏசி பழுதாகி, மெக்கானிக்குக்காகக் காத்துக் கிடக்கிறது. அதை நான் சொல்லவில்லை.