குரல் வரும்வரை துளை இல்லை

சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் நில அளவை அலுவலகம் இருந்தது. நான் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவள். வெயிலில் நின்று அளப்பவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு சர்வேயர். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் என்னை மேடம் என்பார். வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார்.

எங்கள் இருவருக்கும் நடுவே நடந்ததெல்லாம் காற்றுவழியாகத்தான் நடந்தது. கட்டடத்துக்கு அஸ்திவாரத் துளைகள் எங்கெங்கே விழவேண்டும் என்ற புள்ளிகளை நான் கோப்பாக அனுப்புவேன். அது அவர் கையிலிருக்கும் கருவியில் போய் இறங்கும். அந்தந்த இடத்தில் அவர் முளை அடித்து, அடித்த இடத்தை மறுபடி அளந்து எனக்குத் திருப்பி அனுப்புவார். கோப்பு கிளம்பியதும் என் திரையில் ஒரு டிக் விழும். அவர் கருவி அதை வாங்கிக்கொண்டால் இன்னொரு டிக்.

மார்சிலிங்கில் வேலை வந்தபிறகுதான் வம்பு ஆரம்பித்தது. தளத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு. உள்ளே நம் சிக்னல் மெலிந்துபோய், போனும் கருவியும் கடலுக்கு எதிர்க்கரையில், வேறு நாட்டிலிருக்கும் ஜொகூரின் சிக்னலைத் தாவிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் சிம் அங்கே செல்லாது. பேச்சும் போகாது, கோப்பும் போகாது. "அண்ணன் ஜொகூருக்குப் போயிட்டாரு லா, மீ கோரெங் சாப்பிட்டுட்டு வருவாரு" என்று அலுவலகத்தில் கேலி செய்துகொண்டிருந்தோம். ஒருநாள் நான் காலையில் அனுப்பிய செய்தி அவருக்கு மாலையில் போய்ச் சேர்ந்தது. அதோடு கேலி நின்றது.

அன்றைக்கே இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். டிக்கையும் நம்புவதில்லை, செய்தியையும் நம்புவதில்லை. நான் என் வாயால் "இறக்கலாம்" என்று சொல்லி, அதை அவர் தன் காதால் கேட்ட பிறகுதான் துளை போடும் இயந்திரம் மண்ணைத் தொடவேண்டும். இது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. கட்டுமானத் தளத்தின் மேற்பார்வையாளருக்கு இதைக் கேட்டாலே எரிச்சல்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் மதியம் நெருங்குகையில், பூமிக்கடியில் ஓடும் உயர் அழுத்த மின்கேபிள் வரைபடத்தில் காட்டிய இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி ஓடுகிறது என்று தெரிய வந்தது. பொறியாளர் ஒரு துளையை நகர்த்தினார். புதுப் புள்ளியும் கேபிளின் புதுக் கோடும் சேர்ந்த கோப்பை உடனே அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது விழவே இல்லை.

அண்ணன் கையில் இருந்தது முந்தின நாள் கோப்பு. அதை வைத்து அவர் முளை அடித்திருந்தால், அது கேபிளுக்கு நேர் மேலே நிற்கும். இயந்திரத்தின் துளைத்தண்டு கேபிளில் பட்டால், ஓட்டுபவரும் பக்கத்தில் நிற்பவரும் கருகிப்போவார்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். தொடர்பு கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். மேற்பார்வையாளரின் எண்ணுக்கு ஒருதடவை எப்படியோ போய், அவர் எடுத்தார். ஆனால் இயந்திர இரைச்சலில் "ஆ? ஆ?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. கட்டுமான நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போட்டால் ஒரு பெண், "தளத்துக்கு இமெயில் அனுப்பிட்டோமே" என்று நிதானமாகச் சொன்னாள். எதிரே இருந்திருந்தால் அந்த நிதானத்துக்காகவே ஓர் அறை விட்டிருப்பேன்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். பக்கத்தில் போய்விட்டால் எந்தச் சிக்னலும் வேண்டாம், ப்ளூடூத்தில் நேராக ஏற்றிவிடலாம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் நடைபாதையை அடைத்திருந்தது. எல்லோரையும் இடித்துக்கொண்டு போய் டாக்சி பிடித்தேன்.

"அங்கிள், கொஞ்சம் ஃபாஸ்டா போங்க லா."

"எக்ஸ்பிரஸ்வேயில கேமரா இருக்கும்மா. என் லைசென்ஸ் போனா நீயா சோறு போடுவே?"

அவரிடமும் சண்டை போட்டேன். வழியெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். குரல் வராமல் அண்ணன் விடமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று அவருக்கு உதவியாள் விடுப்பு. அவர் தனி ஆள். அந்த மேற்பார்வையாளர் குரலை உயர்த்தினால் நானே சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிடுவேன். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

தளத்து வாசலில் காவலாளி தலைக்கவசம் கேட்டார். "மெஷினை நிறுத்துங்க! அண்ணே, இறக்காதீங்க!" என்று அலறிக்கொண்டு அவரைத் தாண்டி ஓடினேன்.

இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. துளைத்தண்டு மேலே தூக்கியிருந்தது. அதற்குக் கீழே, சிவப்பு ரிப்பன் கட்டிய முளையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, சேற்றில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மேற்பார்வையாளர் அவர் தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

நான் மண்டியிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். கோப்பு மெல்ல மெல்ல ஏறியது. இரண்டாவது டிக் விழுந்ததும் கருவியின் திரையில் கேபிளின் கோடு புது இடத்துக்கு நகர்ந்தது. அது முளைக்கு நேர் கீழே ஓடியது. மேற்பார்வையாளர் அதைக் குனிந்து பார்த்தார். கையைக் காட்டி இயந்திரத்தை அணைக்கச் சொன்னார். ஓட்டுநர் இறங்கி வந்து அவரும் பார்த்தார். பிறகு தள்ளிப் போய் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க குரல் வரலையே மேடம்" என்றார் அண்ணன். "ரோட்டுப்பக்கம் போனா சிக்னல் கெடைக்கும். நான் எந்திரிச்சா மெஷினக் கொண்டாந்துருவாங்க. அதான் உக்காந்துட்டேன்."

"நீங்க அசைய மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "இல்ல மேடம். வேலை பெர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவேன்னு இவரு சொன்னாரு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. எந்திரிக்கத்தான் கைய ஊனுனேன். அப்பத்தான் வாசப்பக்கம் உங்க சத்தம் கேட்டுச்சு."

சேற்றில் அவர் ஊன்றிய கையின் தடம் அப்படியே இருந்தது. நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.