இறங்குபூரான் வரைந்த ஞாயிறு

எனக்கு ஓவியம் வராது என்பதை உறுதிசெய்துகொள்ளத்தான் ஐம்பத்திரண்டு வயதில் அந்த வகுப்பில் சேர்ந்தேன். ஞாயிறு காலை பத்து மணி. இடம், பால் சொசைட்டிக் கட்டடம். பால் ஊற்றி முடித்துத் தரையைக் கழுவிவிட்ட பிறகு நாங்கள் போய் உட்காருவோம். டீச்சர் எங்கள் ஊர்ப் பெண்தான். பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வார இறுதியில் ஊருக்கு வருகிறவள், சும்மா இருக்க முடியாமல் இதைத் தொடங்கினாள். சேர்ந்தது ஒன்பது பேர். எல்லோரும் மாடு வைத்திருப்பவர்கள், அல்லது வைத்திருந்தவர்கள்.

முதல் வாரம் முட்டை வரைந்தோம். முட்டையில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொன்னாள். நாங்கள் ஆளுக்கொரு முட்டையை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கூமுட்டையா இல்லையா என்று பார்த்தோம். "நிழலைப் பாருங்க" என்றாள் மறுபடியும். ஒன்றைத் தவிர எல்லாம் நல்ல முட்டை என்று முடிவானது. நிழலை அன்று யாரும் பார்க்கவில்லை.

டீச்சருக்கு எங்களிடம் ஒரே குறைதான். கண்ணில் தெரிவதை வரையாமல், மனதில் இருப்பதை வரைகிறோமாம். அதற்கு ஒரு வைத்தியமும் வைத்திருந்தாள். படத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு வரைய வேண்டும். அப்போது அது மாடா மரமா என்று மூளைக்குத் தெரியாது, வெறும் கோடுகள்தான் தெரியும் என்றாள். அடுத்த வாரம் ஆளுக்கொரு படத்தைப் போனில் எடுத்துவரச் சொன்னாள்.

நான் எங்கள் மாட்டை எடுத்துக்கொண்டு போனேன். கன்றிலிருந்தே நான் வளர்த்தது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஏறி நின்று எடுத்த படம், முதுகு முழுக்கத் தெரியும். அடுத்து வரும் புதன்கிழமை அதை வெள்ளகோவில்காரர் ஒருவருக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். "பொண்ணு ஊட்டுக்குப் போனா ரெண்டு நாள் தங்க முடியுதா? பால் கறக்கோணும்னு ஓடியாற வேண்டியதாப் போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் தவறில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. எனக்கு விற்க மனசில்லை. பிடிக்கும் என்பதை எங்கள் வீட்டில் ஒரு காரணமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

விற்பனையைப் பேசி முடித்த தரகரும் வகுப்பில்தான் இருந்தார், என் பக்கத்து நாற்காலியில். மாட்டுச் சுழி பார்ப்பதில் எங்கள் பக்கத்தில் அவர் சொல்தான் கடைசிச் சொல். கெட்ட சுழியை மறைத்து ஒரு மாட்டையும் அவர் கைமாற்றியதில்லை. எங்கள் மாட்டுக்கு முதுகில் பூரான் சுழி. பூரான் ஊர்வதுபோல ஒரு மயிர் வரிசை. அது தலையைப் பார்த்து ஏறினால் ஏறுபூரான், வைத்திருக்கும் குடும்பமும் ஏறும். வாலைப் பார்த்து இறங்கினால் இறங்குபூரான், குடும்பமும் கூடவே இறங்கும். எங்களுடையது ஏறுபூரான்.

போனைத் தலைகீழாக மேசையில் வைத்து, தாளிலும் தலைகீழாகவே வரைந்தேன். திருப்பிப் பார்த்தால் நிஜமாகவே ஒரு மாடு நின்றது. டீச்சர் கைதட்டினாள். முதுகு மயிர் மட்டும்தான் பாக்கி. தாளைத் திருப்பிய நான் போனைத் திருப்ப மறந்துவிட்டேன். போனில் எந்தப் பக்கம் பார்த்து ஓடியதோ, தாளிலும் அந்தப் பக்கமே இழுத்துவிட்டேன்.

தரகர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அம்மணி, இது உங்க மாடுங்களா?"

"ஆமாங்கண்ணா."

"இறங்குபூரானுங்களே இது!"

வகுப்பு மொத்தமும் எழுந்து வந்தது. காலின் வளைவு எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று டீச்சர் சொல்லிப் பார்த்தாள். "இத எப்படீங்க ஊட்டுல கட்டி வெச்சிருக்கீங்க?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார்.

போனைப் பார்த்ததும் தப்பு எங்கே நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. தலைகீழாகக் கிடந்த போனில் தலை இருந்த பக்கம், தாளில் வால் இருந்தது. சொல்ல ஒரு வாக்கியம் போதும். போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

தரகர் வாசலில் நின்று வெள்ளகோவிலுக்குப் பேசியது உள்ளே கேட்டது. "மாடு வேண்டாமுங்க. நாந்தான் தப்பாப் பாத்துப்போட்டனுங்க." திரும்பி வந்து உட்கார்ந்தவர் பென்சிலைத் தொடவில்லை. "போன மாசந்தான் பக்கத்துல நின்னு பாத்தேன். தலகீழா வெச்சு, தெரியறத அப்படியே வரஞ்ச படம் பொய் சொல்லாதுங்களே. கண்ணு போயிருச்சாட்ட இருக்குதுங்க அம்மணி" என்றார்.

அன்று சந்தோஷமாகத்தான் இருந்தேன், மறைப்பானேன்? மாட்டுக்குப் பருத்திக்கொட்டை கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். அடுத்த ஞாயிறு தரகர் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சந்தைக்கும் போவதில்லை என்றார்கள். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் வாரம் மொபெட்டில் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"கோயமுத்தூர் போய்க் கண்ணக் காட்டிப்போட்டு வந்தனுங்க. கண்ணு நல்லா இருக்குதுன்னு டாக்டரு சொல்றாரு. அப்ப மாட்டத்தானே பாக்கோணும்" என்றார்.

கட்டுத்தறிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாட்டின் முதுகில் விரலை வைத்து மெதுவாக ஓட்டினார். விரல் தலைப்பக்கம் போய் நின்றது. என்னைப் பார்த்தார். நான் மாட்டின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். எப்போது கட்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். விசைத்தறி ஓட்டியவர். மாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது காலையில் எத்தனை லிட்டர், சாயங்காலம் எத்தனை லிட்டர் என்பது மட்டும்தான்.

"என்னங்கண்ணா, சுழி எப்படி?"

"இறங்குபூரானே தானுங்க தம்பி. இத வெளிய குடுக்கக் கூடாதுங்க. கன்னுல இருந்து வளத்துனவங்க கையிலயே இருந்துட்டா ஒண்ணும் பண்ணாதுங்க."

அப்படி ஒரு சாஸ்திரத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அவரும் அப்போதுதான் கேள்விப்பட்டார் என்று நினைக்கிறேன். "அப்ப கெடந்துட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் குளிக்கப் போனார்.

அடுத்த ஞாயிறு தரகர் வகுப்புக்கு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை வாரம் முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"அண்ணா, அன்னைக்கு நான் போனத் திருப்பாம..."

"தெரியுமுங்க" என்றார். "சுழியில பொய் சொன்ன வாயி இனிச் சுழி சொல்லக் கூடாதுங்க அம்மணி. தரகு வேலைய உட்டுப்போட்டேன்."

அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

இப்போதும் மாடு பார்க்கச் சொல்லி அவரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். ஞாயிறு தவறாமல் வந்து, குடம், செம்பு, சைக்கிள் என்று எது வைத்தாலும் எங்கள் எல்லோரையும்விட நுணுக்கமாக வரைகிறார். கண் போன மனிதருக்கு எதற்கு இந்த வேலை என்று ஊரில் பரிதாபப்படுகிறார்கள். என்னிடமும் சொல்கிறார்கள். ஆமாம், பாவம் என்கிறேன் நானும்.