டோம்பிவிலிக்காரர்கள் கூப்பிடும்போது மட்டும்

மற்ற நாளெல்லாம் எங்கள் வீட்டு வைஃபை ஒழுங்காகத்தான் ஓடியது. டோம்பிவிலிக்காரர்கள் வீடியோவில் கூப்பிடும்போது மட்டும் செத்துப்போனது. ஒரு தடவை என்றால் நேரம் சரியில்லை என்று விட்டுவிடலாம். அடுத்த ஞாயிறும் அதே கதை என்றால் யாரோ வேண்டுமென்று செய்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? எனக்கு அப்படித்தான் தோன்றியது.

டோம்பிவிலிக்காரர்கள் என் மகளைப் பெண் கேட்டவர்கள். எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள்தான், ஆனால் டோம்பிவிலியில் சொந்த ஃபிளாட். பையனுக்கு மஸ்கட்டில் வேலை, லீவு கிடையாது. முதலில் வீடியோவில் பார்த்துப் பேசுவது, பிடித்தால் மற்றதை நேரில் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு. என் மகள் செம்பூரில் ஒரு ஆபீசில் கணக்கு பார்க்கிறாள். அவளுக்கு முன்பு வந்த நல்ல இடங்களெல்லாம் தாராவி என்ற விலாசத்தைக் கேட்டதும் வந்த வழியே போய்விட்டன. இவர்கள் கேட்டும் போகவில்லை. இதையும் அந்த வைஃபை தின்றுவிட்டால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

அதனால் ஞாயிறு காலை மகள் குளிக்கப் போனதும் நான் வேலையை ஆரம்பிப்பேன். எங்கள் கோலி வீடு ஒரே அறை. சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்தான். டேப்லெட்டின் கேமராவில் தெரிகிற சுவரை மட்டும் ஜோடிப்பேன். அவளுக்காகச் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்த எவர்சில்வர் சீர்ப் பாத்திரங்களை மேல்தட்டில் பளபளவென்று அடுக்குவேன். அந்தச் சுவரில்தான் ரவுட்டர் ஆணியில் தொங்கும், வயரும் கொம்புமாக. சம்பந்தி வீட்டார் பார்க்கிற இடத்தில் அது எதற்கு? அதைக் கழற்றிப் பெரிய அண்டாவுக்குள் இறக்கி, வயரைப் பின்பக்கமாக விட்டு, மூடியை மேலே வைத்துவிடுவேன். கால் முடிந்ததும் பழையபடி ஆணிக்குப் போய்விடும்.

மகள் சேலை கட்டி உட்காருவாள். பையன், "உங்களுக்கு என்ன..." என்பான். அதோடு வாய் திறந்தபடியே நின்றுவிடுவான். திரையில் வட்டம் சுற்றும். போனில் வைத்துப் பார்க்கலாமென்றால் எங்கள் சந்துக்குள் டவர் ஒரு புள்ளிதான். பேச்சு வரும், படம் வராது.

முதலில் பக்கத்து வீட்டு மதினியைச் சந்தேகப்பட்டேன். பாஸ்வேர்டு அவளிடமும் இருந்தது, நான்தான் கொடுத்தேன். அவள் வீட்டிலும் கல்யாண வயதில் ஒரு பெண். என் மகளுக்கு முந்தி அமைந்துவிட்டால் அவளுக்கு வயிறு எரியாதா? சரியாக அந்த நேரம் பார்த்து வீட்டோடு படம் போட்டு நெட்டை இழுக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றினேன். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

அந்த ஞாயிறும் வட்டம்தான் சுற்றியது. ரவுட்டரின் பிளக்குச் சுவிட்சை நான் அணைத்துப் போட்டேன். டேப்பில் பழைய கனெக்‌ஷனை அழித்துப் புதிதாகச் சேர்த்தோம். வாரநாளில் நெட் லைன்காரர் வந்து, ஆணியில் தொங்கிய ரவுட்டரைப் பார்த்து, "லைன் ஏக்தம் ஓகே ஹை, ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓகேயாம். அப்படியானால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு மகளை மஸ்கட்டுக்கு அனுப்ப மனமில்லை. அவர் முகத்தையே பார்த்தேன்.

"ஏளா, என்னை எதுக்கு அப்படிப் பாக்க? எனக்கு அந்தச் சுவிட்சு எங்க இருக்குன்னே தெரியாது" என்றார்.

மீதி இருந்தது மகள். "ஏட்டி, உண்மையச் சொல்லிரு. உனக்கு இந்த இடம் பிடிக்கலையா? அதான் எதையாவது அமுக்கி விடுதியா?"

அவளுக்கு என் கோபம் அப்படியே வந்திருக்கிறது. "எம்மா, பிடிக்கலன்னா அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். ஒளிஞ்சு நின்னு வைஃபையை அமுக்கவா செய்வேன்? உனக்கு எல்லார் மேலயும் ஷக் பண்றதே வேலையாப் போச்சு."

அப்படியும் நான் நம்பவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே ஒத்திகை வைத்தேன். பாத்திரங்களை அடுக்கினேன், ரவுட்டரை அண்டாவுக்குள் இறக்கினேன், மகளை டேப்பின் முன்னால் உட்கார வைத்து அவள் சிநேகிதியைக் கூப்பிடச் சொன்னேன். நான் அப்பன் கையையும் மகள் கையையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றேன். யார் கையும் அசையவில்லை. சிநேகிதி நின்றுபோனாள், வட்டம் வந்தது.

மகள் அண்ணாந்து சுவரைப் பார்த்தாள். "எம்மா, ரவுட்டர் எங்க?"

"அண்டாக்குள்ள இருக்கு. அசிங்கமாத் தெரியுதுன்னு வச்சேன்."

"அண்டாக்குள்ளயா! எவர்சில்வர் அண்டாக்குள்ள போட்டு மூடியும் போட்டா சிக்னல் எப்படிம்மா வெளிய வரும்?"

வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். எனக்கு மானம் போனது. மறுநிமிடமே மதினி வீட்டு வாசலில் போய் நின்று, லைன்காரர்தான் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார் என்று கூசாமல் சொல்லி, புதியதைக் கொடுத்தேன். அவள், "அதான பாத்தேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ரவுட்டர் ஆணியிலேயே தொங்கியது. படம் கண்ணாடி மாதிரி வந்தது. பையன் சிரித்தது, டோம்பிவிலியில் அவன் அம்மா கழுத்துச் சங்கிலியைத் திருகிக்கொண்டிருந்தது எல்லாம் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரையில் நான் தெரியாதபடி ரவுட்டர் பிளக்குப் பக்கம் ஒதுங்கி நின்றேன்.

"டேப்ப அப்படியே ஒரு சுத்து சுத்திக் காட்டும்மா, வீட்டப் பாப்போம்" என்றாள் அந்த அம்மா. மகள் சுற்றினாள். ஒரு சுற்றிலேயே வீடு முடிந்துவிட்டது.

"மத்த ரூமெல்லாம்?"

"இதான் ஆன்ட்டி வீடு."

அந்த அம்மாவின் கை சங்கிலியைத் திருகுவதை நிறுத்தியது. முன்பென்றால் நெட்டுதான் நின்றுவிட்டது என்று நினைத்திருப்பேன். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "சரி, பரவால்ல. கல்யாணப் பத்திரிகையில தாராவின்னு வேண்டாம், பக்கத்துல உள்ள மாட்டுங்கான்னு போட்டுக்கிடுவோம். கல்யாணத்துக்குப் பெறகு நீ அங்க போக வர வேண்டாம், என்ன? எங்க ஆளுக பாத்தா நல்லாருக்காது. உங்கம்மாவுக்குத் தோணிச்சுன்னா அவங்க இங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்."

பையன் தலையை ஆட்டினான். ஒரு திக்கல், ஒரு நிற்றல் இல்லாமல் ஆட்டினான்.

மகள் டேப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். மூஞ்சிக்கு நேராகச் சொல்லுவேன் என்றவள், எனக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அவளை அப்படி உட்கார வைத்தது நான்தானே.

பிளக்கைப் பிடுங்கினேன்.

திரையில் வட்டம் சுற்றியது. "திரும்பவும் போயிட்டா?" என்று வீட்டுக்காரர் எழுந்தார். மகள் என் கையில் இருந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்றைக்கெல்லாம் என் போன் அடித்தது. டோம்பிவிலி அம்மாதான். எடுத்தேன்.

"ஆமா மதினி, கட்டாயிட்டு. எங்க வீட்டு நெட்டு உங்களுக்குச் சரிப்பட்டு வராது. வேற இடம் பாத்துக்கிடுங்க."