பெற்றோர் குறிப்புக்கு விட்ட இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் இன்னும் வெட்கக்கேடு. கண் பரிசோதனைக்குப் போக முதல் அந்த எழுத்துப் பலகையைப் பாடமாக்கிக்கொண்டு போய், "பார்வை பிரமாதம்" என்று டொக்டரிடம் பேர் வாங்கி, வெளியே வந்து தூணில் மோதுகிற ஒரு மனுசனை என்னவென்று சொல்வீர்கள்? அந்த மனுசன் நான்தான். ஒரேயொரு வித்தியாசம், சோதித்தது என் கண்ணை அல்ல, என் மகளின் வாசிப்பை. தூணில் மோதியதும் அவள்தான்.

மகள் அப்போது தரம் ஆறு. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அரசாங்கச் சுற்றறிக்கை ஒன்றின்படி, தரம் ஆறுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் விசேட கல்வி டீச்சருக்கு முன்னால் ஒரு பந்தியை வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்குத் தனியாக உதவி வகுப்பு நடக்கும். நல்ல மனத்தோடு எழுதிய கடிதம். ஆனால் அதில் என் கண்ணில் பட்டது ஒரே ஒரு சொல்: மதிப்பீடு.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழ்த் தகப்பனுக்கு அந்தச் சொல்லைக் காட்டக்கூடாது. பிள்ளையின் உயரத்தை அளக்கப்போகிறார்கள் என்று அறிவித்தாலும், உயரத்துக்கு எங்கே டியூஷன் நடக்கிறது என்று காலி வீதி முழுக்க விசாரிக்கிற ஆட்கள் நாங்கள்.

மேல் மாடி அக்காவின் மகள் பக்கத்து வகுப்பு. அவளுக்குத் திங்கட்கிழமையே வாசிப்பு முடிந்துவிட்டது, எங்களுக்கு வெள்ளிக்கிழமை. சீனி கேட்கிற சாட்டில் மேலே ஏறினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவ்வளவு படி ஏறி ஒரு கோப்பைச் சீனி கேட்கிறவனை அந்த அக்கா ஒருமாதிரித்தான் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன பந்தி வந்ததாம் அக்கா?"

"தபால்காரர், மழை, சைக்கிள் எண்டு ஏதோ. தாளைக்கூடப் பையுக்க வைச்சுக்கொண்டு வந்திட்டாள். ஏன் தம்பி?"

"சும்மா ஒரு இதுக்குத்தான்."

சும்மா ஒரு இதுக்குப் போனில் படம் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சீனியை மறந்துவிட்டேன்.

நாலு நாள் டியூஷன். டீச்சர் நான், மாணவி அவள். 'மழை விட்டதும் தபால்காரர் தன் சைக்கிளைத் துடைத்தார்' என்று தொடங்கும் அந்தப் பந்தியை நான் சொல்லச் சொல்ல அவள் பாடமாக்கினாள். காதால் கேட்டதை அவள் மறக்கவே மாட்டாள், இரண்டே நாளில் முழுப் பந்தியும் வாய்க்கு வந்துவிட்டது. மிச்ச இரண்டு நாளும் நடிப்புப் பயிற்சி. முற்றுப்புள்ளியில் மூச்சு விட வேண்டும். இடையில் ஒருதரம் வேண்டுமென்றே தடக்க வேண்டும், அப்போதுதான் இயற்கையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரிக்குக் கீழே விரலை ஓட்ட வேண்டும். "விரல் ஓடினால் வாசிக்கிறாய் எண்டுதான் நினைப்பினம்." இதைச் சொன்னபோது என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அவளுக்கு வாசிக்க வராது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதேநேரம் தெரியாது. முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகிப்பாள். கடற்கரை என்று இருந்தால் கடலை என்பாள். "அதுவும் அங்கதானே விக்கிறது" என்று நான் பகிடி விடுவேன். அவளும் சிரிப்பாள். மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள். எங்கள் வீட்டில் பயம் வருகிற இடத்திலெல்லாம் பகிடி போட்டு மூடுகிற வேலையை நான் பொறுப்பெடுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் எழுதி அனுப்பினார்: 'சரளமாக வாசிக்கிறார். உதவி தேவையில்லை.' கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு, அதற்கும் கீழே 'பெற்றோர் குறிப்பு' என்று இரண்டு வரி இடம். வெறும் இடத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. 'வீட்டிலும் நன்றாக வாசிப்பார். தினசரிப் பத்திரிகை தவறாமல் வாசிப்பார்' என்று என் அழகான எழுத்தில் எழுதினேன். எங்கள் வீட்டில் பத்திரிகை எடுப்பதே இல்லை. பிறகு ஒரு முழு ரிப்பன் கேக் வாங்கி, மேல் மாடி அக்காவுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். அந்த அக்கா எனக்குச் சீனி தந்தார்.

ஐந்து வருசம் ஓடிவிட்டது. மகள் தரம் பதினொன்று, ஓ.எல். பரீட்சை எடுக்கிற வருசம். வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"வாயால கேட்டா உங்கட பிள்ளைக்கு எல்லாம் தெரியும். ஆனா கேள்வியை வாசிச்சு முடிக்கவே பாதி நேரம் போகுது. வரலாற்றுப் பேப்பரில அரைவாசி வெறும் தாள். அவளுக்கு ஒரு மேலதிக நேரம் கிடைச்சுதெண்டா பாஸ் பண்ணுவாள். இல்லையெண்டா..." அவர் மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஏதாவது பகிடி விட்டிருக்கலாம்.

மேலதிக நேரத்துக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கூடத்தின் சிபாரிசும் டொக்டரின் கடிதமும் வேண்டும். பள்ளிக்கூடத்தில் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. அன்றைக்குத் திங்கள். டொக்டரிடம் ஓடினேன். "பள்ளிக்கூடக் கடிதம் இல்லாமல் நான் பாக்கேலாது" என்றார். பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அதே விசேட கல்வி டீச்சர். கண்ணாடி மட்டும் புதிது. அலுமாரியைத் திறந்து மகளின் பதிவுக் கோப்பை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

'சரளமாக வாசிக்கிறார். உதவி தேவையில்லை.' கீழே என் தினசரிப் பத்திரிகை.

"இதை வைச்சுக்கொண்டு நான் எப்பிடிச் சிபாரிசு எழுதுறது? கையெழுத்து உங்கட தானே?"

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில், இழப்பீட்டுப் பகுதியில் இருக்கிறேன். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்தும் 'இல்லை' என்று படிவத்தில் அடையாளம் போட்டவர்கள் பிறகு வந்து என் மேசைக்கு முன்னால் நிற்பார்கள். நான் கோப்பை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, குரலை உயர்த்தாமல் கேட்பேன்: "கையெழுத்து உங்கட தானே?" அதற்குப் பிறகு யாரும் பேசியதில்லை. இத்தனை வருசமும் அதை என் திறமை என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, பேச ஆயிரம் இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு வாய் திறக்காது.

"திரும்பச் சோதிக்கலாம்" என்றார் டீச்சர். "ஆனா முதல் பதிவு ஏன் பிழை எண்டு நீங்கள் எழுத்தில தரவேணும். சும்மா கிடந்த பதிவை நான் மாத்தினா நாளைக்கு என்னைக் கேப்பினம்."

அடுத்த இரண்டு நாளும், டீச்சருக்கு நேரம் கிடைக்கும் வரைக்கும், அதிபரின் அறைக்கு வெளியே இருந்த வாங்கில் குடியிருந்தேன். பிந்தி வருகிற பிள்ளைகளை இருத்துவதற்காகப் போட்ட குட்டை வாங்கு, இருந்தால் முழங்கால் நாடியில் முட்டும். கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டு, பிந்தி வந்த இரண்டு சின்னப் பெட்டைகளுக்கு நடுவில் நான். ஒருத்தி மெல்லக் கேட்டாள், "அங்கிள், நீங்களும் லேட்டா?" ஓம் பிள்ளை என்றேன், ஐந்து வருசம் லேட். அவள் மரியாதையோடு கொஞ்சம் தள்ளி இருந்தாள். இரண்டாம் நாள் வாசல் காவல்காரருக்கும் என்னைப் பிடித்துவிட்டது. "அதத் மாத்தயா?" என்றார், இன்றைக்குமா என்று.

கடிதத்தில்தான் சிக்குப்பட்டேன். கம்பனிக் கந்தோரில் எழுதுகிற தமிழில் முதல் கடிதம் எழுதினேன்: 'குறித்த பந்தியானது பிள்ளையின் கவனத்துக்கு முன்கூட்டியே கொண்டுவரப்பட்டிருந்தமை தெரியவருகிறது.' இதற்குள் யாரும் நுழைய முடியாது என்று நினைத்தேன். டீச்சர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ஆர் கொண்டுவந்தது?"

"ஒரு... வட்டாரத்தில..."

"ஆர் எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ."

மேல் மாடி அக்காவிடம் ஏறினேன். அவர் இப்போது பெற்றோர் சங்கச் செயலாளர். கதை கேட்டு முடிய முதலே கதவைப் பாதி சாத்திவிட்டார். "தம்பி, என்ர பேரை மட்டும் அதில போட்டிராதேங்கோ. நான் உங்களுக்குச் சீனிதான் தந்தனான்."

எல்லாக் கதவிலும் தட்டிப் பார்த்தாயிற்று. மிஞ்சியிருந்தது சாப்பாட்டு மேசைதான். புதன்கிழமை பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளுக்கு முன்னால் அங்கே இருந்து கடிதத்தை எழுதினேன். 'நான்' என்று தொடங்கினேன். பந்தியைத் தேடி எடுத்தது நான், பாடமாக்க வைத்தது நான், விரல் ஓட்டச் சொன்னது நான். எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் காதால் கேட்டால்தான் வேகம் என்பதால்.

நான் எதிர்பார்த்தது கோபம். கோபத்துக்கு ஏற்ற மூன்று பகிடி தயாராக வைத்திருந்தேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர் சரளம் எண்டு எழுதினவா. நீங்கள் கேக் வாங்கினனீங்கள். எனக்கு வாசிக்க வராதது எனக்குத் தெரியும்தானே. அப்ப எனக்கு உண்மையில ஒண்டுமில்லை, நான் சோம்பேறி எண்டு நினைச்சன்."

"எவ்வளவு காலமா?"

"கேக் வாங்கின அண்டையில இருந்து."

மூன்று பகிடியும் தொண்டைக்குள்ளேயே கிடந்தன. இன்னும் அங்கேதான் கிடக்கின்றன.

"திரும்ப வாசிச்சுக் காட்டுறியா?" என்றேன்.

"காட்டுறன். ஆனா நீங்கள் உள்ளுக்க வரக்கூடாது."

வியாழக்கிழமை நான் வராந்தாவில், யன்னலுக்குப் பக்கத்தில். உள்ளே போகவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஆனால் யன்னலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லையே.

டீச்சர் ஒரு புதுத் தாளை வைத்தார். கடலோரம் நிற்கும் ஒரு கலங்கரை விளக்கம் பற்றிய பந்தி. மகள் வரிக்குக் கீழே விரலை வைத்தாள். இந்தமுறை விரல் ஓடவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, செருப்பில்லாமல் சரளைக் கல்லில் நடக்கிற மாதிரி நடந்தது. "க... கல..." என்று நின்றாள். ஊகிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஊகிக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள். கடற்கரை ரயில் ஒன்று கூவிக்கொண்டு போய்ச் சேரும் வரைக்கும் அவள் அந்தச் சொல்லில்தான் நின்றாள்.

அவள் தடக்குவதுதான் எங்களுக்கு இப்போது வேண்டும். தடக்கினால்தான் சிபாரிசு, சிபாரிசு இருந்தால்தான் நேரம். அது என் தலைக்கு வடிவாகத் தெரியும். ஆனால் என் வாய்? யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கலங்கரை, கலங்கரை என்று சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. வாசித்துவிடு மகளே என்று மனம் கிடந்து துடிக்கிறது. எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றேன்.

"...கலங்கரை" என்றாள் அவள் கடைசியில். நான் கம்பியில் நெற்றியை முட்டினேன். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

பந்தியின் மூன்றிலொரு பங்கில் டீச்சர் போதும் என்றார். பழைய பதிவைச் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டு வெட்டி, என் கடிதத்தை அதோடு பின் பண்ணினார். புதுப் படிவத்தில் எழுதினார்: 'வாசிப்பதில் கடுமையான சிரமம் உண்டு. விடயங்களை நன்கு விளங்கிக்கொள்கிறார். மேலதிக நேரம் சிபாரிசு செய்யப்படுகிறது.' இனி நாளைக் காலை டொக்டர், மத்தியானத்துக்குள் விண்ணப்பம், அதற்குப் பிறகு மேலே இருக்கிறவர்கள் ஓம் என்று சொல்ல வேண்டும். சொல்வார்களா என்று டீச்சரைக் கேட்டேன். "எழுத வேண்டியதை நான் எழுதிட்டன்" என்றார். படிவத்தை யன்னலுக்குள்ளால் என்னிடம் நீட்டினார்.

கையெழுத்து வைத்தேன். அதற்குக் கீழே, அதே இடத்தில், அதே இரண்டு வரி வெறுமையாகக் கிடந்தது. 'பெற்றோர் குறிப்பு'. கை ஊறத் தொடங்கிவிட்டது. அவள் கெட்டிக்காரி என்று எழுதலாம். பிழை முழுக்க என்னுடையது என்று எழுதலாம். மேலே இருக்கிறவர்களின் மனம் உருகுகிற மாதிரி ஒரு வசனம்கூட வந்துவிட்டது, நல்ல வசனம். மகள் வெளியே வந்து பக்கத்தில் நின்றாள். பேனை மூடியைத் திறந்தபடி கேட்டேன்:

"இதில அப்பா என்ன எழுத?"

"ஒண்டும் எழுதாதேங்கோ."