அவ என்பதற்கு அடுத்த எழுத்து

அந்தச் சித்திரக்கதை அச்சகத்தில் அவளை எல்லோரும் எழுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படங்களில் இருப்பவர்கள் பேசும் பலூன்களுக்குள் கையால் எழுதுவது அவள் வேலை. பதினோரு வருடமாக அரக்கனும் அவள் கையெழுத்தில்தான் உறுமினான், குழந்தையும் அவள் கையெழுத்தில்தான் அழுதது. முதலாளி ஒருமுறை கம்ப்யூட்டர் எழுத்தைப் போட்டுப் பார்த்தார். எல்லாரும் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிப் பேசுகிறார்கள் என்று வாசகர்கள் கடிதம் போட, பேசாமல் இவளிடமே திரும்பி வந்துவிட்டார்.

அன்று மூன்று மணிக்குள் முப்பத்திரண்டு பக்கமும் அச்சுக்குப் போயாக வேண்டும். மணி இரண்டு நாற்பது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பலூன் காலியாக இருந்தது.

கதையில் ஒரு விண்வெளி நிலையம். அங்கே கலங்களைப் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி. அவளுக்குத் துணையாகப் பெண் உருவில் ஓர் இயந்திரம். எல்லோரும் அதை ‘அது’ என்பார்கள். அந்தப் பெண்ணும் முப்பத்தோரு பக்கம் அப்படியே சொல்வாள். கடைசியில் இயந்திரம் எரியும் கலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. விட்டுவிட்டு வா என்று எல்லோரும் கத்த, அவள் முதல் முறையாக மாற்றிச் சொல்ல வேண்டும்: “அவள் எனக்காகக் காத்திருக்கிறாள்.”

“‘அது காத்திருக்கிறது’ன்னு போடும்மா. மெஷின்தானே,” என்றார் முதலாளி. “பொண்ணும் பொண்ணும் காதலான்னு ஒருத்தன் கிளம்பினா போதும். கடை கடையா புத்தகம் திரும்பி வந்துரும்.”

“அப்ப மத்த பக்கமெல்லாம் எதுக்கு சார் வரைஞ்சேன்?” என்றான் ஓவியன். ஆள் ஒல்லி என்பதால் அவனுக்குக் கோடு என்று பெயர்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, ‘அவர்’னு போடு. ஆணா பொண்ணான்னே தெரியாது. மரியாதையும் ஆச்சு.”

“அவ ரோபோ சார். மாமனார் இல்ல.”

“நீ வாயை மூடு. எழுதும்மா.”

அவள் பேனாவை மையில் தொட்டு ‘அவ’ வரை எழுதினாள். அவர், அவள் இரண்டுக்கும் அதுவரை ஒரே எழுத்துகள்தான். அதற்கு மேல் கை ஓடவில்லை.

மூன்று வருடமாக வீட்டில் அவளும் இதையேதான் செய்துகொண்டிருந்தாள். “அவங்களோட சாப்பிட்டேன்மா.” “மழை, அவங்க வீட்லயே தங்கிட்டேன்.” அம்மா யாரோ ஒரு மாப்பிள்ளையை மனதில் நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள். போன ஞாயிறு அப்படிப் போனில் பேசியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த காதலியின் காதிலேயே விழுந்துவிட்டது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். சுலபத்தில் கோபப்படுகிறவள் அல்ல. “அவங்களா? நான் என்ன உன் மேலதிகாரியா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். நான்கு நாளாகப் பேச்சில்லை.

“எவ்வளவு நேரம்மா? ஒரு எழுத்துதானே,” என்றார் முதலாளி.

“ஆமா சார். ஒரு எழுத்துதான்.”

அவள் ‘ள்’ போட்டாள். பிறகு நிறுத்தாமல் வாக்கியத்தை முடித்து, ‘காத்திருக்கிறாள்’ என்பதன் கடைசிப் புள்ளியை அழுத்தி வைத்தாள்.

முதலாளியின் காது மடல் சிவந்தது. எழுத்தை அழிக்கும் வெள்ளை மைக் குப்பியை எடுத்தார், மணியைப் பார்த்தார், குப்பியைக் கீழே வைத்தார். “இந்தக் கையெழுத்து வேற யாருக்கும் வராதுன்னுதானே இந்த ஆட்டம்?”

“அதுவும்தான் சார்.”

“பிரச்சினைன்னு யாராவது வந்தா, நேரா உங்க வீட்டு அட்ரஸைக் கொடுத்துருவேன். உங்க அம்மாகிட்டப் போய்க் கேக்கட்டும்.”

அவர் சொன்னதைச் செய்கிறவர்.

“அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்,” என்றாள். “இன்னைக்கே.”

முதலாளி பக்கத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

“மை காயல சார்,” என்றாள் அவள். “ஓரமாப் பிடிங்க.”