லெப்ட்டுக்குப் போட்ட விலை

காலை ஐந்தே முக்கால். ஆட்களை வேலைக்குப் பிரித்தனுப்பும் பெரட்டுக் களத்தில் லாந்தரை இன்னும் அணைக்கவில்லை. முதலில் என் கண்ணில் பட்டது ஒரு ஜோடி சப்பாத்து. பழுப்புத் தோல், அடியில் தோல் குமிழ்கள், இடது சப்பாத்தின் நுனியில் ஒரு வெட்டுக் காயம். இரண்டின் கயிறுகளையும் சேர்த்து முடிச்சிட்டு ஒரு மனிதர் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பனி படாமல் இருக்கக் கம்பளியை அவற்றின் மேல் இழுத்து மூடியிருந்தார். அவருடைய கால்கள் வெறுங்கால்கள். பின்னால் அவர் மனைவி, தலையில் தகரப் பெட்டியும் இடுப்பில் பிள்ளையுமாக நின்றாள். அன்று அவர்கள் எங்கள் தோட்டத்தை விட்டுத் தெரணியகலைப் பக்கம் இன்னொரு ரப்பர் தோட்டத்துக்குப் போகிறார்கள். அதற்கான காகிதத்தை முந்தின நாள் எழுதியவன் நான்.

நான் அப்போது அந்தத் தோட்டத்தில் இரண்டாம் கிளாக்கர். கழுத்தில் சப்பாத்தோடு நின்றவர் பால் வெட்டுகிற தொழிலாளி. செக்ரோல் என்ற பேரேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. இடது காலால் பந்தை அடிப்பார் என்பதால் தோட்டமே அவரை 'லெப்ட்டு' என்றுதான் கூப்பிட்டது. வருஷா வருஷம் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் ஒரு கோப்பைக்காகப் பந்து விளையாடும். துரைமார் தங்கள் கிளப்பில் அதன்மேல் பந்தயம் கட்டுவார்கள். மைதானத்து மேட்டில் கிராமத்துச் சிங்களவர்கள் உட்கார்ந்துகொண்டு, பந்து இடது பக்கம் வந்ததும், "கஹபன், லெப்ட்டு, கஹபன்!" என்று கத்துவார்கள். அடி என்று அர்த்தம். அவர் அடிப்பார். அந்த ஒரு மணி நேரம் அவரை யாரும் கூலி என்று சொன்னதில்லை.

அந்தக் காலத்தில் துண்டு இல்லாமல் ஒரு தொழிலாளி தோட்டம் மாற முடியாது. துண்டு என்பது கையகலக் காகிதம். இன்ன ஆள் தன் கங்காணிக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறார், அதைக் கட்டுகிற தோட்டம் அவரை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி, துரை கையெழுத்துப் போடுவார். புதிய தோட்டம் அந்தத் தொகையைப் பழைய கங்காணியிடம் கட்டும். கட்டிய தொகை முழுவதும் புதிய கங்காணியின் புத்தகத்தில் அந்த ஆளின் பெயரில் கடனாக ஏறும். ஆள் நடந்து போவார், கடனும் கூடவே போகும்.

எங்கள் பெரிய கங்காணி விசுவாசத்தைப் பற்றி நிறையப் பேசுவார். ஆட்டத்துக்கு முன் பதினொரு பேரையும் வரிசையாக நிறுத்தி, மீசையைத் துடைத்துக்கொண்டு, "சோறு போட்ட தோட்டத்துக்கு உசிரக் குடுத்து ஆடணும்டா" என்பார். முந்தின வருஷம் ஓர் ஆட்டக்காரர், ஓப்பநாயக்கவில் தாய் படுக்கையில் கிடக்கிறாள், அந்தப் பக்கம் போகத் துண்டு வேண்டும் என்று கேட்டார். கங்காணி எல்லோர் முன்னாலும் காறித் துப்பி, "நன்றி கெட்ட நாயே, கோப்ப முடியட்டும்" என்றார். கோப்பை முடிவதற்குள் தாய் முடிந்துவிட்டாள்.

துரை ஊரில் இல்லாமல் போனதும் லெப்ட்டு விஷயத்தில் விசுவாசம் எட்டு நாள்தான் நின்றது. எங்கள் துரை லீவில் சீமைக்குப் போயிருந்தார். பதிலுக்கு வந்தவருக்குக் குதிரையில்தான் நாட்டம், பந்தில் இல்லை. இது தெரிந்ததும் தெரணியகலைத் தோட்டத்துத் துரை ஆள் அனுப்பினார். வந்தவன் கங்காணிக்கு ஒரு போத்தலும் லெப்ட்டுக்கு அந்தச் சப்பாத்தும் கொண்டுவந்தான். சப்பாத்து துரை கொடுத்த சந்தோஷ இனாம் என்று சொன்னான். மறுநாளே கங்காணி, லெப்ட்டை அழைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டார்.

புத்தகத்தில் லெப்ட்டின் கடன் முப்பத்தெட்டு ரூபாய். அதைத் துண்டில் எழுதப்போனேன். லெப்ட்டு தொண்டையைக் கனைத்தார்.

"ஐயா, ஒரு சேதிங்க. அந்தத் தோட்டத்துல கோல் காக்குற கோலிக்குப் போன வருசம் எழுவது போட்டு எடுத்தாங்களாம். கோலிக்கே எழுவதுன்னா எனக்கு முப்பத்தெட்டுங்களா? அங்க போய் எப்படிங்க தல நிமுந்து நிப்பேன்?"

கங்காணி அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் என் மேசைமேல் தெறித்தது. "அதானே! நம்ம தோட்டத்துப் புலியில்ல நீ. ஐயா, நூத்தி நாப்பதுன்னு போடுங்க. பயலோட மானம் என்னத்துக்கு ஆகுறது?"

லெப்ட்டு கைகூப்பினார். அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் நன்றாகப் பார்த்தேன். முப்பத்தெட்டுக்கு மேலே உள்ள நூற்றிரண்டும் கங்காணியின் மடிக்குப் போகும், அதைத் தலையில் சுமக்கப்போகிறவர் கைகூப்பி நிற்கிற இவர் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். மற்றவன் பேனாவை மையில் தோய்த்தான். நூற்று நாற்பது என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன். துரை குதிரையை விட்டு இறங்காமலே சேணத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் லெப்ட்டின் மனைவி ஆபீஸ் வாசலுக்கு வந்து, படியேறாமல் கீழே நின்று கேட்டாள். "ஐயா, எங்க ஆளுக்கு நூத்தி நாப்பதுன்னு லயமே பேசுதுங்க. அந்தப் பணம் எங்க கையில வருமாங்க?"

அந்தத் தோட்டத்தில் சரியான கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். "கங்காணியாரைக் கேளுங்க" என்றேன். என் தொழில் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மட்டமான வாக்கியம் அது. அவள் கங்காணியிடம் போகவில்லை. போயும் பயனில்லை என்று என் முகத்திலேயே படித்திருப்பாள். லெப்ட்டு மட்டும் வரிசை வீடுகளான லயத்தில் வீடு வீடாகப் போய் விலையைச் சொல்லி விடைபெற்றுக்கொண்டிருந்தார்.

அந்தப் பருவத்தில் புதிய தோட்டத்துக்காக எங்களுக்கு எதிராகவே ஆடினார். சப்பாத்து காலைக் கடித்தது போலும், முதல் பாதியில் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு இரண்டு கோல் போட்டார். எங்கள் லயத்து ஆட்கள் சேற்றை வாரி எறிந்தார்கள். எல்லோருடைய குரலுக்கும் மேலே பெரிய கங்காணியின் குரல் கேட்டது. "தின்ன சோத்த மறந்த துரோகி! ஒனக்கு வெளங்குமாடா!" நூற்றிரண்டு ரூபாயை வாங்கிய வாய். அவர் வேட்டி புதியது, கரை நான்கு விரல் அகலம். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் அருவருத்து இரண்டடி தள்ளி நின்றேன். அருவருப்பு அவரால் பாதி, என்னால் பாதி.

அதற்கடுத்த ஆட்டத்தில் லெப்ட்டின் இடது முழங்கால் போனது. நாலைந்து மாதம் கழித்து ஆபீஸ் காரியமாக அந்தத் தோட்டத்துக்குப் போனேன். ஸ்டோருக்குப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்து மரத்தில் உறைந்துபோன ஒட்டுப்பாலிலிருந்து பட்டையையும் மண்ணையும் பிரித்துக்கொண்டிருந்தார். காலை மடக்க முடியாமல் முன்னால் நீட்டியிருந்தார். மலையேறிப் பால் வெட்ட முடியாது, அரை நாள் கூலிக்கு அரைப்பேர்தான் போட்டார்கள். என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்து எழுந்தார்.

"ஐயா, எங்க பழைய தோட்டத்துக்கே வந்துடலாம்னு பாக்குறேங்க. கேட்டா நூத்தி அம்பத்தொண்ணு கட்டிட்டுப் போங்குறாங்க. நொண்டிக்கு எவன்யா கட்டுவான்?"

"நூற்று நாற்பதுதானே?"

"சப்பாத்துக்குப் பதினொண்ணுங்க. தொர குடுத்ததுன்னு நெனச்சேன். எம் பேர்ல கடனா எழுதியிருக்காங்க." கொஞ்ச நேரம் தன் கையில் ஒட்டியிருந்த பாலைத் தேய்த்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தத் துண்டு ஐயா எழுதினதுதானுங்களே. கொஞ்சம் கொறச்சு எழுதிக் குடுத்தீங்கன்னா... முப்பத்தெட்டே போதுங்க."

துண்டை எழுதுகிறவன் அதைக் குறைக்க முடியாது என்று சொன்னேன். "அப்ப ஏத்த மட்டும் முடியுமுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சப்பாத்து எங்கே என்று கேட்டேன். காலை உடைத்துக்கொண்ட அன்றே அந்தத் தோட்டத்துக் கங்காணி வாங்கி வைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்துப் பல வருஷங்களாகின்றன. நான் தோட்டத்தை விட்டுக் கொழும்பில் ஒரு பத்திரிகையில் சேர்ந்து அதைவிட அதிக வருஷங்களாகின்றன. போன வாரம் ஒரு தந்தி என் மேசைக்கு வந்தது. சீமையில் ஒரு பந்துக் கழகம் இன்னொரு கழகத்திடமிருந்து ஓர் ஆட்டக்காரரை ஆயிரக்கணக்கான பவுன் கொடுத்து வாங்கியிருக்கிறதாம். கப்பலில் வந்த பழைய சீமைப் பத்திரிகை ஒன்றின் படத்தில் அவர் சிரிக்கிறார். "பாத்தீங்களா, மனுசன் காலுக்கு வந்த வாழ்வ!" என்றார் பக்கத்து மேசை நண்பர். அந்தப் பணம் அவர் கையில் வருமா என்று கேட்டேன். கழகத்துக்குத்தான் போகும், அவருக்குச் சம்பளம் மட்டும் என்றார். "அவர் பெயரில் கடனாக எழுதமாட்டார்களே?" என்றேன். நண்பர் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். தந்தியைத் தமிழில் எழுதி அச்சுக்கு அனுப்பினேன். விசுவாசம் என்ற சொல் தந்தியில் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டேன்.

லெப்ட்டு போன மறு வருஷம், லீவிலிருந்து திரும்பிய எங்கள் துரைக்குக் கோப்பை வேண்டியிருந்தது. பெரிய கங்காணி தெரணியகலைத் தோட்டத்திலிருந்தே ஓர் இளம் ஆட்டக்காரரை எடுத்தார். அதே பெரட்டுக் களம், அதே ஐந்தே முக்கால். வந்தவர் கழுத்தில் ஒரு ஜோடி சப்பாத்துத் தொங்கியது. இடது சப்பாத்தின் நுனியில் வெட்டுக் காயம். அவருடைய துண்டை வாங்கிப் புத்தகத்தில் ஏற்றினேன். துண்டோடு வந்த கணக்கின் கடைசி வரி: சப்பாத்து ஒரு ஜோடி, ரூபாய் பதினொன்று.