கிரேன்காரரிடம் ஒரு பேரம்

வெளிநாட்டுக்காரர்களின் உல்லாசப் படகுகளுக்கு இன்ஷூரன்ஸ் கோப்பு பார்ப்பது என் வேலை. திருத்தணியில் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் பார்க்கிறேன். கடலில் நான் முட்டி அளவுக்கு மேல் இறங்கியது கிடையாது, அதுவும் மெரினாவில். அந்த நாடுகளில் சூறாவளி அடித்தால் இங்கே எனக்குச் சோறு இறங்காது. மூழ்கிய படகை யார் தூக்குவது, கூலி எவ்வளவு, கம்பெனி எவ்வளவு கொடுக்கும் என்று மெயில்கள் வந்து குவியும்.

அப்படி ஒரு புயலில் ஒரு கிழவர் எழுதினார். படகில்தான் குடியிருக்கிறார், வேறு வீடு இல்லை. கட்டிப்போட்ட இடத்திலேயே பாதி மூழ்கி நிற்கிறதாம். மிதக்கும் கிரேன் வைத்திருப்பவர் ஒரு தொகை கேட்கிறார், சரி என்று சொல்லட்டுமா என்று கேட்டிருந்தார். அதை, சேதத்தை மதிப்பிடும் சர்வேயருக்குத் தள்ளிவிட்டிருக்க வேண்டும். தொகையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பகல் கொள்ளை!

எங்கள் பக்கத்தில் ஜேசிபிக்காரர் சொல்லும் முதல் விலைக்குத் தலையாட்டினால் ஊரே சிரிக்கும். வேண்டாம் என்று நாலு அடி நடக்க வேண்டும், அவரே கூப்பிடுவார். அதையேதான் எழுதினேன்: "உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். வேறு ஆளைக் கேட்பதாகச் சொல்லுங்கள், குறைப்பார்." பதறாத காரியம் சிதறாது என்று வேறு மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கிரேன்காரர் குறைக்கவில்லை. அடுத்த துறையில் வரிசையாகப் படகுகள் கவிழ்ந்து கிடந்தன, அங்கே போய்விட்டார். துணி காயப்போடப் போனவள் பாதியில் திரும்பி வந்து மெயிலைப் பார்த்தேன். குழம்பு அடிப்பிடித்தது.

"இன்னா நீ, போனையே பாத்துகினு கீற? யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணும் இல்லீங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

ஒன்பதாம் நாள்தான் கிரேன் திரும்பி வந்து தூக்கியது. அதற்குள் உப்புத் தண்ணீர் இன்ஜினையும் ஒயரிங்கையும் தின்றுவிட்டிருந்தது. முதல் நாளே தூக்கியிருந்தால் பிழைத்திருக்கும் என்று சர்வேயர் எழுதிவிட்டார். கோப்பில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி: தாமதம் யாரால்? எங்களால் என்றால் கம்பெனி முழுப் பணமும் கொடுக்கும், என் வேலை போகும். கிழவரால் என்றால் தூக்கிய கூலி மட்டும்தான் அவருக்குக் கிடைக்கும், குடியிருந்த இடம் போய்விடும்.

சென்னையிலிருந்து டீம் லீடர் கூப்பிட்டார். நான் எழுதிய மெயில் அவருக்குத் தெரியாது.

"இன்னாம்மா யோசிச்சுகினு இருக்கே? ஓனர் டிலேன்னு போட்டு க்ளோஸ் பண்ணு."

"கொஞ்சம் டைம் குடுங்க சார்."

அன்று மாலையே கிழவரின் மெயில் வந்தது. தாமதம் பற்றிக் கம்பெனி அவரிடமும் கேட்டிருந்தது. "என் பணத்தை மிச்சப்படுத்த நினைத்த ஒரே ஆள் நீங்கள்தான், இதனால் உங்களுக்குத் தொல்லை வரக் கூடாது, என்னால்தான் என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார். அப்படிப் போட்டால் தனக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

அவர் சொன்னபடியே போட்டேன். வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. யாராவது கேட்டால், அவரே சொன்னதுதானே என்று பதில் வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.